தேடித் தந்தவர்களுக்குப் பொறுப்பு உண்டா? - போலி ஆபாசப் படங்களும் தேடுபொறிகளும்

2000-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் கிராமி விருது விழா. பாடகியும் நடிகையுமான ஜெனிஃபர் லோபஸ் பச்சை நிறத்தில் ஒரு வெர்சாச்சே உடை அணிந்து வந்தார். கழுத்து தொப்புளையும் தாண்டிக் கீழே இறங்கிய உடை! உடனே உலகம் முழுவதும் மக்கள் அந்த உடையைக் கூகிளில் தேட ஆரம்பித்தார்கள். அப்போது கூகிளுக்கு வயது ஒன்றரைதான். எழுத்துகளால் ஆன பக்கங்களைப் பட்டியல் போட்டுக் காட்டத் தெரியும். கேட்ட படத்தை நேராக எடுத்து நீட்டத் தெரியாது. அதுவரை தாங்கள் பார்த்ததிலேயே மிக அதிகமாகத் தேடப்பட்ட விஷயம் அந்த உடைதான் என்று கூகிளின் தலைமைப் பொறுப்பில் இருந்த எரிக் ஷ்மிட் 2015-ல் எழுதினார். கூகிள் படத் தேடல் பிறந்த கதை அதுதான். 2001 ஜூலையில் அது மக்கள் கைக்கு வந்தது.

ஒரு பெண்ணின் படத்தைப் பார்க்க உலகம் ஆசைப்பட்டதால் உருவான கருவி அது. அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த உடையைத் தேர்ந்தெடுத்தவர் லோபஸ். கேமராக்களுக்கு முன்னால் விருப்பத்தோடு நின்றவரும் அவரே.

ஆனால் ஒரு பெண் எந்தக் கேமராவுக்கு முன்னாலும் நிற்கவில்லை. முகம் மட்டும் அவளுடையது, உடல் வேறு யாருடையதோ, அல்லது கணினி வரைந்தது. அந்தப் படம் அவள் பெயரைத் தட்டினால் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது என்றால் யாரைக் கேட்பது? படத்தைச் செய்தவன் ஒருவன். அதைத் தன் தளத்தில் வைத்திருப்பவன் இன்னொருவன். கேட்டவருக்கெல்லாம் வழி காட்டியது மூன்றாவது ஆள், அதாவது தேடுபொறி. இந்த மூன்று பேரில் சட்டம் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது மூன்றாமவரைத்தான். அதற்குக் கால் நூற்றாண்டு ஆனது. ஏன் இவ்வளவு தாமதம்?

சட்டம் முதலில் யாரைக் காப்பாற்றியது?

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரண்டு வழக்குகள். கம்ப்யூசெர்வ் என்ற நிறுவனத்தின் சேவையில் யாரோ எழுதிய அவதூறுக்கு அந்நிறுவனம் பொறுப்பல்ல என்று 1991-ல் தீர்ப்பு வந்தது. காரணம், அவர்கள் எதையும் படித்துப் பார்த்துத் திருத்துவதில்லை. 1995-ல் பிராடிஜி என்ற நிறுவனத்துக்கு இதற்கு நேர் எதிரான தீர்ப்பு. அவர்கள் கெட்ட வார்த்தைகளை நீக்கி இடத்தைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதனாலேயே பத்திரிகை ஆசிரியரைப் போல அவர்களும் பொறுப்பு என்றது நியூயார்க் நீதிமன்றம். குப்பையைப் பெருக்கியவர் மாட்டிக்கொண்டார், பெருக்காதவர் தப்பித்துக்கொண்டார்!

இந்த விநோதத்தைச் சரிசெய்ய கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு பிரிவை எழுதினார்கள். 1996-ல் சட்டமான அதுதான் புகழ்பெற்ற 230-ஆம் பிரிவு. பிறர் எழுதியதற்கு நடுவில் இருக்கும் நிறுவனம் பொறுப்பல்ல, குப்பையை நீக்கினாலும் அதற்காகத் தண்டனை இல்லை என்பது அதன் சாரம். சுத்தம் செய்பவர்கள் பயமில்லாமல் செய்யட்டும் என்பது நோக்கம். நடைமுறையில் என்ன ஆயிற்று? நீதிமன்றங்கள் அந்தப் பிரிவை மிக அகலமாகப் படித்தன. துடைப்பத்தைத் தொடாதவர்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்தது. தேடுபொறிகளும் அந்தக் குடையின் கீழ் வந்து நின்றன.

அந்தக் குடையில் ஒரு ஓட்டை இருந்தது. பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளுக்கு 230-ஆம் பிரிவு பொருந்தாது. 1998-ல் வந்த அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் தேடுபொறிகளைத் தனியாகவே குறிப்பிட்டது. பாட்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்தால் திருட்டுப் பிரதிக்குப் போகும் சுட்டியை உடனே நீக்க வேண்டும். நீக்கினால் தேடுபொறிக்குப் பாதுகாப்பு, நீக்காவிட்டால் வழக்கு. ஆக, பாட்டுக்கும் படத்துக்கும் சொந்தக்காரராக இருப்பவருக்கு ஒரு கதவு திறந்தது. படத்தில் இருக்கும் மனுஷிக்குக் கதவு இல்லை.

இதன் அடுத்த கட்டம் 2007. நிர்வாணப் படங்களை விற்றுவந்த பெர்ஃபெக்ட் 10 என்ற நிறுவனம், தங்கள் படங்களின் சிறு வடிவங்களைக் கூகிள் தேடலில் இலவசமாகக் காட்டுகிறது என்று வழக்குப் போட்டிருந்தது. சிறு படங்கள் நியாயமான பயன்பாடுதான், பெரிய படம் இருப்பது வேறு யாருடைய கணினியிலோ என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூகிளுக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. குறிப்பிட்ட திருட்டுப் படம் தன் வழியாகக் கிடைக்கிறது என்று தெரிந்தும், எளிய நடவடிக்கையால் தடுக்க முடிந்தும், தடுக்காமல் இருந்தால் தேடுபொறியும் பொறுப்பாகலாம்.

தெரிந்திருந்ததா? எளிதாகத் தடுக்க முடிந்ததா? இந்த இரண்டே கேள்விகள்தான். ஒரு வியாபாரியின் சொத்துக்காக எழுதப்பட்ட அளவுகோல் அது. பெண்களின் விஷயத்தில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இனி வரும் கதை.

ஃபோட்டோஷாப் காலம்

போலிப் படம் செயற்கை நுண்ணறிவோடு பிறந்தது அல்ல. ஃபோட்டோஷாப் 1990-ல் விற்பனைக்கு வந்தது. நடிகைகளின் முகத்தை வெட்டி வேறு உடலில் ஒட்டும் 'மார்ஃபிங்' வேலை இணையத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. நடிகைகள் என்றால் இது சகஜம் என்று உலகம் கண்டுகொள்ளாமல் விட்டது. பெரிய தவறு அங்கேதான் தொடங்கியது.

2011 ஜூனில் கூகிள் ஒரு புது வசதி தந்தது. வார்த்தைக்குப் பதிலாக ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். ஆஸ்திரேலியாவில் நோயல் மார்ட்டின் என்ற மாணவி, தனக்கு 18 வயதானபோது ஓர் இரவு விளையாட்டாகத் தன் படத்தையே கொடுத்துத் தேடினார். திரையில் வந்தவை ஆபாசத் தளங்கள். சமூகத் தளங்களில் இருந்த அவருடைய சாதாரணப் படங்களை எடுத்து, முகத்தை வேறு உடல்களில் ஒட்டியிருந்தார்கள். செய்தது யார் என்றே அவருக்குத் தெரியாது. அவர் பிரபலமும் அல்ல.

தளங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதினார். சிலர் நீக்கினார்கள். நீக்கியவை மறுபடி முளைத்தன. ஒரு தளத்தை நடத்தியவன், நிர்வாணப் படம் அனுப்பினால் 24 மணி நேரத்தில் நீக்குகிறேன் என்று பதில் போட்டான்! அவர் பிறகு சட்டம் படித்துக்கொண்டே வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2017-ல் கொண்டுவந்த சட்டத்தில் மாற்றிச் செய்யப்பட்ட படங்களும் குற்றத்துக்குள் வந்ததற்கு அவருடைய பிரசாரமும் ஒரு காரணம்.

அவருக்குக் கெட்ட செய்தியைச் சொன்னது தேடுபொறிதான், எந்தப் படம் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நொடியில் கண்டுபிடித்ததும் தேடுபொறிதான். ஆனால் நீக்கும் வேலை என்று வந்ததும் கணக்கு மாறியது. ஒவ்வொரு பக்கத்தையும் அவரே தேடி, திறந்து பார்த்து, முகவரியைப் படியெடுத்து, ஒவ்வொருவரிடமாகக் கெஞ்ச வேண்டும். உலகத்திலேயே மிகச் சிறப்பாகத் தேடத் தெரிந்த எந்திரம் பக்கத்தில் சும்மா நிற்கிறது. தேடும் வேலை முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையில்!

ஒரே மாதத்தில் இரண்டு பதில்கள்

ஐரோப்பாவில் இதே கேள்வியை ஓர் ஆண் எழுப்பினார். கார் பந்தய அமைப்பின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி. 2008-ல் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை அவருடைய அந்தரங்கப் படங்களை வெளியிட்டது. லண்டன் நீதிமன்றம் அது அத்துமீறல் என்று 60,000 பவுண்டு நஷ்டஈடு தரச் சொன்னது. இவை போலிப் படங்கள் அல்ல, உண்மையானவை. ஆனால் வழக்கில் ஜெயித்த பிறகும் அவர் பெயரைத் தட்டினால் அதே படங்கள் வந்துகொண்டே இருந்தன. முகவரி கொடுத்தால் நீக்குகிறோம் என்றது கூகிள். நீக்க நீக்க வேறு முகவரியில் வருகிறதே, அந்தப் படங்களையே தடுத்துவிடுங்கள் என்றார் மோஸ்லி. அப்படிச் செய்தால் அது தணிக்கை எந்திரம் ஆகிவிடும் என்று கூகிள் மறுத்தது.

2013 நவம்பர் 6-ம் தேதி பாரிஸ் நீதிமன்றம் ஒன்பது படங்களை ஐந்து வருடம் தடுத்துவைக்கும்படி கூகிளுக்கு உத்தரவிட்டது. 2014 ஜனவரியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றமும் ஆறு படங்கள் விஷயத்தில் அதே வழியில் சென்றது. 2015-ல் இரு தரப்பும் சமரசமாகி வழக்குகள் முடிந்தன.

பாரிஸ் தீர்ப்பு வந்த அதே நவம்பரில், இரண்டு வாரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. குழந்தைகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கும் படங்களைத் தடுக்கவேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் சில மாதங்களாக நெருக்கிக்கொண்டிருந்தார். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல் சொற்களுக்கான முடிவுகளைத் தாங்கள் சுத்தம் செய்துவிட்டதாக எரிக் ஷ்மிட் அறிவித்தார். இத்தகைய படங்களை அடையாளம் காணும் தொழில்நுட்பம் அதற்கு முன்பே இருந்தது. மைக்ரோசாஃப்ட்டும் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் ஹானி ஃபரீதும் சேர்ந்து 2009-ல் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ அது. ஒரு படத்துக்கு விரல்ரேகை மாதிரி ஓர் எண்தொடரைத் தயாரித்துவிட்டால், அளவு கொஞ்சம் மாறினாலும் அதே படத்தை எந்திரம் கண்டுகொள்ளும்.

இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மைதான். குழந்தைகள் படம் எந்தச் சூழலிலும் குற்றம். பெரியவர்கள் விஷயத்தில் சம்மதம் இருந்ததா இல்லையா என்பது படத்தைப் பார்த்தால் எந்திரத்துக்குத் தெரியாது. ஆனால் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்ட ஒன்பது படங்களில் என்ன சந்தேகம்? "முடியாது" என்ற சொல்லின் பொருள் அன்று கொஞ்சம் தெளிவானது. பல சமயம் அதன் பொருள் "இன்னும் யாரும் போதுமான அளவு நெருக்கவில்லை" என்பதுதான்.

கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை

2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் கூகிள் ஸ்பெயின் வழக்கில் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னது. ஒருவரின் பழைய கடன் ஏல அறிவிப்பு பத்திரிகையின் தளத்தில் அப்படியே இருக்கலாம், ஆனால் அவர் பெயரைத் தேடும்போது அது வராமல் செய்யும்படி தேடுபொறியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. மூலப் பக்கத்துக்கு ஒரு பொறுப்பு, அதைப் பெயரோடு கட்டிப்போடும் தேடுபொறிக்குத் தனியாக இன்னொரு பொறுப்பு. "நாங்கள் வெறும் கண்ணாடி, இருப்பதைக் காட்டுகிறோம்" என்ற வாதம் ஐரோப்பாவில் அன்றோடு பலவீனமானது.

அதே வருடம் ஹாலிவுட் நடிகைகள் பலருடைய அந்தரங்கப் படங்கள் திருடப்பட்டு இணையத்தில் கொட்டப்பட்டன. கூகிள் மீது 100 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போடுவோம் என்று அவர்களுடைய வழக்கறிஞர் மிரட்டினார். அந்த நாட்களில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு அமெரிக்காவில் இருந்த பெரிய ஆயுதம் எது தெரியுமா? பதிப்புரிமை! படத்தைத் தானே எடுத்திருந்தால் அதன் சொந்தக்காரி அவள். அதனால் சுட்டியை நீக்கக் கேட்கலாம். மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண் சினிமாக் கம்பெனி போல வேடம் போடவேண்டிய நிலை.

2015 ஜூன் 19-ம் தேதி கூகிள் தேடல் பிரிவின் தலைவர் அமித் சிங்கால் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சம்மதமில்லாமல் வெளியான அந்தரங்கப் படங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்டால் இனி நீக்குவோம் என்றார். வங்கிக் கணக்கு எண், கையெழுத்து போன்றவற்றுக்கு ஏற்கெனவே இருக்கும் குறுகிய விதிவிலக்கைப் போன்றதுதான் இதுவும் என்று விளக்கம் தந்தார். அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட்டின் பிங்கும் அதைப் பின்பற்றியது.

நல்ல முடிவு. ஆனால் அந்த விளக்கத்தைத் திரும்பப் படித்தால் ஒன்று உறைக்கிறது. காசோலையில் போடும் கையெழுத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு, கையெழுத்துப் போடும் ஆளின் உடலுக்குக் கிடைக்க அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

டீப்ஃபேக் வருகை

2017 கடைசியில் ரெட்டிட் தளத்தில் 'டீப்ஃபேக்ஸ்' என்ற புனைபெயரில் ஒருவன் நடிகைகளின் முகத்தை ஆபாசப் படங்களில் பொருத்தி வெளியிட்டான். அந்தப் பெயரே பிறகு இந்தத் தொழில்நுட்பத்தின் பெயராகிவிட்டது. டிசம்பரில் மதர்போர்டு இதழின் சமந்தா கோல் அதைச் செய்தியாக்கினார். 2018 பிப்ரவரியில் ரெட்டிட் அந்தக் குழுவை மூடியது. அதற்குள் கருவி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இந்தியாவிலும் அதன் சூடு உடனே தெரிந்தது. 2018 ஏப்ரலில் பத்திரிகையாளர் ராணா அய்யூப் முகத்தை வைத்துச் செய்யப்பட்ட ஆபாச வீடியோ கைபேசிகளில் பறந்தது. அவர் எழுதியதற்கும் பேசியதற்கும் கிடைத்த பழிவாங்கல் அது. கைபேசியில் பரவுவது காட்டுத்தீ மாதிரி. தேடுபொறியில் நிற்பது வேறு மாதிரி. அது பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ஐந்து வருடம் கழித்து வேலை கொடுக்க நினைப்பவர் தேடினாலும் வரும், பெண் பார்க்க வருபவர் தேடினாலும் வரும், பிள்ளைகள் தேடினாலும் வரும்.

போலிப் படங்கள் பழைய ஆயுதத்தையும் பறித்துவிட்டன. பதிப்புரிமை படத்தின் சொந்தக்காரருக்குத்தான். தானே எடுக்காத படத்துக்கு, கணினி செய்த படத்துக்கு, அவள் எப்படிச் சொந்தக்காரி ஆவாள்? முகம் அவளுடையதுதான், ஆனால் முகத்துக்குப் பதிப்புரிமை கிடையாது.

2018 செப்டம்பரில் கூகிள் தன் நீக்கல் பட்டியலில் சம்மதமில்லாத செயற்கை ஆபாசப் படங்களையும் சேர்த்துக்கொண்டது. டீப்ஃபேக் பற்றிய முதல் செய்தி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேகமான முடிவு என்று பாராட்டலாம். ஆனால் அடிப்படை மாறவில்லை. பாதிக்கப்பட்டவள் தேடவேண்டும், ஒவ்வொரு முகவரியையும் எழுதித் தரவேண்டும், அதன் பிறகுதான் நீக்கம்.

எதிர்ப்பக்கத்தின் வேகம் என்ன? 2019-ல் டீப்டிரேஸ் நிறுவனம் இணையத்தில் 14,678 டீப்ஃபேக் வீடியோக்களை எண்ணியது. அதில் 96 சதவீதம் சம்மதமில்லாத ஆபாசம். 2023 அக்டோபரில் வயர்டு இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, 35 தளங்களில் அந்த ஆண்டின் முதல் ஒன்பது மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 1,13,000 வீடியோக்கள் ஏற்றப்பட்டிருந்தன. கையால் முகவரி எழுதிக் கொடுக்கும் ஒரு பெண், எந்திரத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள்!

முதல் பக்கம் யார் கையில்?

2024 ஜனவரியில் என்பிசி செய்தி நிறுவனம் ஒரு எளிய சோதனை செய்தது. பிரபலமான 36 பெண்களின் பெயரோடு 'டீப்ஃபேக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடிப் பார்த்தது. கூகிளில் 34 பேருக்கும் பிங்கில் 35 பேருக்கும் முதல் வரிசையிலேயே ஆபாசப் போலிகளோ அவற்றுக்குப் போகும் சுட்டிகளோ வந்தன. அந்த மாதமே டெய்லர் ஸ்விஃப்ட்டின் போலிப் படங்கள் எக்ஸ் தளத்தில் பரவின. நிலைமை கைமீறியதும் எக்ஸ் செய்தது என்ன தெரியுமா? அவர் பெயரைத் தேடுவதையே சில நாட்களுக்கு நிறுத்திவைத்தது. தேடலை நிறுத்தினால் பரவல் குறையும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

நூலக அட்டவணையும் தேடுபொறியும் ஒன்று என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அட்டவணை அகரவரிசையில் இருக்கும். எது முதலில் வரவேண்டும் என்று அது முடிவெடுப்பதில்லை. தேடுபொறியின் தொழிலே அந்த முடிவுதான். முதல் பக்கத்தில் எது, பத்தாம் பக்கத்தில் எது என்று வரிசைப்படுத்துவதற்காகத்தான் மக்கள் அதனிடம் போகிறார்கள், விளம்பரதாரர்கள் பணம் கொடுக்கிறார்கள். கடைக்காரர் ஒரு பொருளை வாசலில் அடுக்கிவிட்டு, அது கடையில் இருப்பதே தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

2024 ஜூலை 31-ம் தேதி கூகிள் சில மாற்றங்களை அறிவித்தது. ஒருவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டால், அவரைப் பற்றிய அதே மாதிரித் தேடல்கள் எல்லாவற்றிலும் ஆபாச முடிவுகளை வடிகட்டுவோம், நகல் படங்களையும் நாங்களே தேடி நீக்குவோம், இப்படிப்பட்ட நீக்கங்கள் நிறைய வரும் தளங்களின் தரவரிசையை இறக்குவோம் என்றது. ஆண்டின் தொடக்கத்தில் செய்த மாற்றங்களாலேயே இத்தகைய தேடல்களில் ஆபாசப் படங்கள் கண்ணில் படுவது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்றும் சொன்னது.

70 சதவீதம்! பாராட்டவேண்டிய எண். கூடவே ஒரு கேள்வியையும் எழுப்பும் எண். வரிசையை மாற்றியே இவ்வளவு குறைக்க முடியும் என்றால், 2007 தீர்ப்பு சொன்ன அந்த 'எளிய நடவடிக்கை' இதுதானே? எதைத் தடுக்கவேண்டும் என்பது 2018-லேயே தெரிந்திருந்தது. நடுவில் ஆறு வருடங்கள் போய்விட்டன.

இந்திய நீதிமன்றங்கள் சொன்னது

இந்தியாவில் தேடுபொறிகளின் பொறுப்பு முதலில் சூடுபிடித்தது வேறொரு விஷயத்தில். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறியும் விளம்பரங்கள் சட்டவிரோதம். அவை தேடலில் வருகின்றன என்று சாபு மேத்யூ ஜார்ஜ் உச்ச நீதிமன்றம் போனார். தொழில்நுட்பத்தால் முடியாது என்ற பதில் இங்கும் வந்தது. நாட்டின் சட்டத்தை மீறிவிட்டு அப்படிச் சொல்லக்கூடாது என்று நீதிமன்றம் 2016-ல் கண்டித்தது. அந்த செப்டம்பரிலேயே கூகிள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் குறிப்பிட்ட சொற்களுக்குத் தானாகத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன.

2021-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண்ணின் வழக்கு. சமூகத் தளங்களில் அவர் போட்ட சாதாரணப் படங்களை எடுத்து ஆபாசத் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். படங்களில் ஆபாசம் இல்லை, அவற்றை வைத்த இடம்தான் ஆபாசம். தளத்தோடு நிற்காமல், தேடுபொறிகளும் அவற்றை உலகம் முழுவதும் தேடலிலிருந்து எடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளும், மார்ஃபிங் செய்த படங்கள் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று விதித்தன.

2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த இன்னொரு தீர்ப்புதான் விஷயத்தின் நடுப்பகுதியைத் தொட்டது. ஏற்கெனவே நீக்கச் சொன்ன படம் மறுபடி வந்தால், மறுபடி மறுபடி முகவரி கொண்டு வா என்று பாதிக்கப்பட்டவரை அலைக்கழிக்கக் கூடாது, விரல்ரேகைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துங்கள் என்றது. தன் படத்தைத் தானே திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கவைப்பது இன்னொரு வதை என்பதை ஒரு நீதிமன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. கூகிளும் மைக்ரோசாஃப்ட்டும் 2024-ல் இதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. சம்மதம் இருந்ததா என்று எந்திரத்தால் அறிய முடியாது என்பது முக்கிய வாதம்.

அந்த வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. முதலாவது, படத்தின் ஓரத்தை வெட்டினாலோ நிறத்தை மாற்றினாலோ சில சமயம் விரல்ரேகை பொருந்தாது. புதிதாகச் செய்யப்பட்ட போலிக்கு ரேகையே கிடையாது. இரண்டாவது, நீக்கும் அதிகாரம் பெரிதாகப் பெரிதாக அதைத் தவறாகப் பயன்படுத்த ஆசைப்படுபவர்களும் வருவார்கள். ஊழலில் மாட்டிய அரசியல்வாதி உண்மையான வீடியோவைப் போலி என்று சொல்லி மறைக்கப் பார்க்கலாம். டீப்ஃபேக் பற்றிய செய்தியும் ஆராய்ச்சியும்கூடச் சேர்ந்து மறைந்துபோகலாம். மூன்றாவது, தேடலிலிருந்து எடுத்தாலும் படம் தளத்தில் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் இவை எல்லாம் எப்படிச் செய்வது என்ற கேள்விக்கான எச்சரிக்கைகள். செய்யவேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் அல்ல. தவறான புகார்கள் பதிப்புரிமையிலும் உண்டு. அதற்காக யாரும் பாட்டுக் கம்பெனிகளிடம் கதவைச் சாத்தவில்லை. புகாரை மறுக்க வழி வைத்தார்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது.

சட்டங்களும் மெதுவாக இந்தப் பக்கம் நகர்ந்தன. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் கூகிள் தேடலையும் பிங்கையும் 'மிகப் பெரிய தேடுபொறிகள்' என்று தனி வகையாக அறிவித்து, தங்களால் சமூகத்துக்கு வரும் ஆபத்துகளைத் தாங்களே மதிப்பிட்டுக் குறைக்கும் கடமையை விதித்தது. அந்த அக்டோபரில் வந்த பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் தேடல் சேவைகளுக்குத் தனிக் கடமைகள் வைத்தது. அமெரிக்காவில் 2025 மே 19-ம் தேதி கையெழுத்தான சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்தில் படத்தை நீக்கவேண்டும் என்கிறது. நிறுவனங்கள் தயாராக 2026 மே வரை அவகாசம் தந்தது. ஆனால் அது பயனர்கள் படங்களை ஏற்றும் மேடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வழிகாட்டும் மூன்றாமவர் அங்கே மறுபடி ஓரமாக நிற்கிறார். அந்த இடைவெளியைக் கண்டுதானோ என்னவோ, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 47 அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வெடிகுண்டு செய்வது எப்படி, தற்கொலை செய்துகொள்வது எப்படி என்று தேடினால் வழியை மாற்றிவிடுகிறீர்களே, இதற்கும் அதைச் செய்யக்கூடாதா என்பது அவர்கள் கேள்வி.

நம்பிக்கை தரும் ஒரு மாற்றமும் உண்டு. பிரிட்டனில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவையில், பாதிக்கப்பட்டவர் தன் கருவியிலேயே படத்தின் விரல்ரேகையை உருவாக்கலாம். படம் வெளியே போகாது, ரேகை மட்டும் நிறுவனங்களுக்குப் போகும். பிங் 2024 செப்டம்பரில் இதில் சேர்ந்ததை அறிவித்தபோது, அதற்குள் 2,68,000-க்கும் மேற்பட்ட படங்கள் மீது நடவடிக்கை எடுத்திருந்தது. கூகிள் 2025 செப்டம்பரில் சேர்வதாக அறிவித்தது. ஒருமுறை சொன்னால் போதும், மீதியை எந்திரம் தேடிக்கொள்ளட்டும் என்ற எண்ணம் கடைசியில் வந்து சேர்ந்தது.

வணிகவியலில் ஒரு பழைய பாடம் உண்டு. செலவு ஒருபோதும் மாயமாகப் போவதில்லை. ஒருவர் கணக்கில் எழுதாவிட்டால் அது இன்னொருவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஆலை தன் கழிவைச் சுத்தம் செய்யாவிட்டால் அந்தச் செலவை ஆற்றங்கரை ஊர் கொடுக்கும். இந்த வரலாற்றில் இருபது வருடங்களுக்கும் மேலாக நடந்தது அதுதான். வருமானம் தேடுபொறியின் பேரேட்டில் வரவானது. தேடும் செலவு, தூக்கம் கெட்ட இரவுகளின் செலவு, இழந்த வேலைகளின் செலவு எல்லாம் பெயர் தெரியாத பெண்களின் பேரேட்டில் பற்றானது. அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதுதான் சட்டத்தின் வேலை. படத்தைச் செய்தவனைப் பிடிப்பது போலீஸ் வேலை, அது நடக்கட்டும். ஆனால் தேடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்கள், அந்தத் தேடும் வேலையை மட்டும் பாதிக்கப்பட்டவளிடம் தள்ளிவிட இனியும் அனுமதிக்கக் கூடாது.